வேலாயுதம் ஆடாத ஆட்டம்

சம்பான் படகில் நாங்கள் எல்லோரும் ஏறிவிட்டோம். வேலாயுதம் மட்டும் ஏறவில்லை.

ரங்கூனில் பசுண்டான் ஓடைப் படித்துறை. ஆடி மாதத்து மழை அப்போதுதான் விட்டிருந்தது. அரிசி ஆலைகளின் உமி தண்ணீரில் மிதந்து வந்து, கரையெல்லாம் படிந்து, புளித்த வாடை அடித்துக்கொண்டிருந்தது. படகுக்காரன் சிட்டகாங்கிலிருந்து வந்த வங்காளி. துடுப்பைத் தட்டித் தட்டி அவசரப்படுத்தினான்.

வேலாயுதம் குனிந்து தன் பூட்ஸை என்னிடம் நீட்டினான். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் கோத்த விரலி மஞ்சள். கட்டி நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். அதற்குள் மழையில் நனைந்து சட்டைக் கையெல்லாம் மஞ்சள் சாயம் ஏறியிருந்தது.

"என்னுது உனக்கு ஒரு சைஸ் பெரிசு. நுனியில துணியை அடைச்சுக்க. நடுவுல நின்னு ஆடுடா ராசு, சும்மா ஓடி ஓடிச் சாகாதே."

"நீயும் வந்துடேன்டா" என்றேன்.

"வாயை மூடு. அம்மா காதுல விழுந்தா அழுது தொலைப்பா."

சம்பான் நகர்ந்தது. அவன் கையை ஆட்டவில்லை. படித்துறையில் அப்படியே நின்றான். காப்புக் கட்டியவன் எல்லை தாண்டக் கூடாது. எங்கள் கோயில் பூசாரி வகுத்த எல்லை அந்த ஓடைதான்.

டிராம் பிடிக்காதவருக்கு ஒரு வார்த்தை

கதையை அப்படியே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் இந்தப் பகுதியில் டிராமைப் பற்றி எழுதினேன் அல்லவா? ஒரு வாசகர் கோபித்துக்கொண்டிருக்கிறார். "கால்பந்து பற்றி எழுதுவதாகச் சொல்லிவிட்டு டிராமிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீரே, ஐயா!" என்று. அட, என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அந்தக் காலத்து ரங்கூனில் கால்பந்து பார்க்கப் போனாலும் டிராமில்தான் தொங்கிக்கொண்டு போக வேண்டும். சரி, இதோ இறங்கிவிட்டேன்.

எங்கள் கல்லூரி சின்னது. இன்டர்மீடியட் வரைக்கும்தான். ஒரு பழைய மாடி வீடு, பின்னால் பாதி சேறும் பாதி புல்லுமாக ஒரு மைதானம். பையன்களில் பர்மாக்காரர்கள், சீனர்கள், நாங்கள் சில தமிழர்கள். லீகில் எங்களுக்கு மூன்றாவது டிவிஷன். அதிலும் கடைசிக்குப் பக்கத்தில்.

முதல் டிவிஷன் அணிகள் வேறு ஜாதி. இலாகா அணிகள், கம்பெனி அணிகள், பட்டாளத்து அணிகள். அவர்களுக்கு ஒரே நிறத்தில் பனியன், ஒரே மாதிரி பூட்ஸ், இடைவேளையில் எலுமிச்சை. எங்களுக்கு இடைவேளையில் குழாய்த் தண்ணீர்.

அப்படியிருக்க, அவர்களோடு ஆட வேண்டும் என்று எங்களுக்கு ஏன் அந்த வெறி?

ஊ லூனின் குடை

வெறி எங்களுக்கு இல்லை. எங்கள் கணக்கு வாத்தியார் ஊ லூனுக்கு. நாங்கள் அவரைச் சயா என்போம். பர்மாவில் வாத்தியாருக்கு அதுதான் மரியாதை. குட்டையான மனிதர். இடுப்பில் பட்டு லோன்ஜி, தலையில் கவுன்பவுன் முண்டாசு, கையில் எப்போதும் ஒரு பெரிய கறுப்புக் குடை. மழைக்காலம் வந்தால் போதும், அந்தக் குடையோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார். "எங்கள் பையன்களோடு ஒரு ஆட்டம் ஆடுங்கள், ஒரே ஒரு ஆட்டம்" என்று.

பெரிய அணிகள் லேசில் ஒத்துக்கொள்ளாது. ஷீல்டு போட்டிகள் தொடங்குவதற்கு முந்தைய வாரம் கால் சூடேற்ற யாராவது வேண்டுமே, அப்போது மட்டும் இளகும். அதுவும் அவர்கள் மைதானத்தில்தான். எங்கள் சேற்றில் அவர்கள் காலை வைக்கவே மாட்டார்கள்.

ஒரு தடவை பட்டாளத்து அணியோடு ஏற்பாடு செய்துவிட்டார். அம்மாடி! ஒவ்வொருவனும் கதவு மாதிரி இருந்தான். எங்கள் கோல்கீப்பர் கோ தா துன் இடைவேளையில் என்னிடம் வந்து, "ராசு, அடுத்த பாதியில் நான் கோலுக்குப் பின்னால் நிற்கட்டுமா? எப்படியும் பந்து அங்கேதான் வருகிறது" என்றான். எத்தனை கோல் வாங்கினோம் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

அன்று மாலை எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மொஹிங்கா என்ற மீன்சாற்றுச் சேமியா விற்கும் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஊ லூன் மட்டும் சூப்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "யபாடே, யபாடே. பரவாயில்லை. தோற்பதற்காகத்தானே உங்களை அழைத்துப் போகிறேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "தோற்பதற்கா, சயா?"

"இன்டர்மீடியட் பாஸ் பண்ணியவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நீங்கள் மனுப் போட்டால் யார் படிப்பார்கள்? மைதானத்தில் உங்களைப் பெரிய ஆபீஸர் கண்ணால் பார்க்கிறார். பத்துப் பேர் மோசமாக ஆடட்டும், ஒருவன் நன்றாக ஆடினால் அவனை எடுத்துக்கொள்வார்கள். அணிக்கு எடுத்தால் ஆபீஸிலும் நாற்காலி போட வேண்டும் அல்லவா?"

அதுதான் விஷயம். பெரிய அணிகளில் ஆடியவர்கள் எல்லோரும் அந்தந்த ஆபீஸில் குமாஸ்தாக்கள்தான். பந்துக்காகவே வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்டம் ஒவ்வொன்றும் ஒரு நேர்முகத் தேர்வு.

எங்கள் நடு ஆட்டக்காரன்

வேலாயுதம் சென்டர் ஹாஃப். நான் அவனுக்கு மாற்று ஆள். அதாவது, வருஷம் முழுக்கக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து எல்லோருடைய சட்டைகளையும் காவல் காத்தவன்.

அவன் ஆட்டத்தை எப்படிச் சொல்வது? இப்போது வானொலியில் வர்ணனை என்று கத்துகிறார்களே, அவர்களிடம் விட்டால் என்னென்னவோ சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பந்து எங்கே விழப்போகிறதோ அங்கே அவன் முன்னாலேயே நின்றிருப்பான். ஓடியதே தெரியாது. எதிராளி தலையைச் சொறிவான்.

அவன் அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். கண் பார்வை மங்கி, அந்த வருஷம் மழைக்காலத்தோடு வேலையிலிருந்து நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் தாமுவேயில் ரயில்வே கொடுத்திருந்த லயன் வீடும் போய்விடும். வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு தங்கைகள். வேலாயுதத்துக்கு ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் அத்தனை பேருக்கும் ஒரு கூரை உண்டு. கிடைக்காவிட்டால் இல்லை. அவ்வளவு நேரடியான கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் ஊ லூன் ஓடி வந்தார், குடையை மடக்கக்கூட மறந்து. ஓடைக்கு அந்தப் பக்கம் டாபோனில் ஒரு பெரிய மரக் கம்பெனி. பெயர் வேண்டாம். முதல் டிவிஷனில் ஆடும் அணி. அவர்களுடைய சென்டர் ஹாஃப் சீமைக்குப் போய்விட்டானாம். இடம் காலி. ஒரு ஆட்டம் ஆட ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அணியின் செயலாளர் டாசன் துரை நேரில் வந்து பார்க்கப்போகிறார்.

ஊ லூன் வேலாயுதத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார். "உனக்காகவே கேட்டு வாங்கினேன், தெரிகிறதா?"

வேலாயுதத்தின் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "வேலை வேலைன்னு வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கப்பா. கைக்கு வர்றதுக்கு முன்னாடி பேசினா கண்ணு பட்டுரும். பந்தாட்டம்னு மட்டும் சொல்லுங்க." நாங்களும் அப்படியே வாயைக் கட்டிக்கொண்டோம்.

மழை செய்த வேலை

முதலில் குறித்த சனிக்கிழமை கொட்டித் தீர்த்தது. டாபோன் மைதானம் குளமாகிவிட்டது. ஆட்டம் ரத்து. மறு தேதி எப்போது என்று கம்பெனி சொல்லவில்லை.

இதற்கிடையில் கோயிலில் ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். முந்தின வருஷம் வேலாயுதத்துக்கு அம்மை போட்டிருந்தது. கடுமையான அம்மை. பிழைத்தால் தீச்சட்டி எடுக்க வைக்கிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டிருந்தார். அவன் போய்க் கையை நீட்டிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

கட்டிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. வருகிற சனிக்கிழமை ஆட்டம். அதை விட்டால் ஷீல்டு தொடங்கிவிடும், பிறகு முடியாது.

நானும் அவனும் அன்று சாயங்காலமே கோயிலுக்கு ஓடினோம்.

பூசாரி சடையப்பன் வேப்பிலைக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். ஆனால் விரதம் என்று வந்துவிட்டால் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார். ஊர்ப்பக்கத்தில் எல்லைக்கு எல்லைக்கல் இருக்கும். இந்தப் பெரிய பட்டணத்தில் எதை எல்லை என்பது? அவரே ஒரு முடிவு கட்டியிருந்தார். தெற்கிலும் மேற்கிலும் ஆறு, கிழக்கே பசுண்டான் ஓடை.

"பூசாரிய்யா, சனிக்கிழமை டாபோன்ல பந்தாட்டம் இருக்கு. போயிட்டு இருட்டுறதுக்குள்ள திரும்பிடறேன். போலாங்களா?" என்று கேட்டான் வேலாயுதம்.

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு? பந்து உதைக்கவா?"

"ஆமாங்க."

"நல்லா இருக்குடா! ஆத்தாளுக்குக் காப்பைக் கட்டிக்கிட்டு, ஓடையைத் தாண்டி விளையாடப் போறேங்கிறியா? போன வருஷம் கிடந்த கிடை மறந்துபோச்சா?"

பக்கத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தலையிட்டார். "எங்க பக்கம் ராத்தங்கக் கூடாதும்பாங்க. பகல்ல போய் வரலாம், பூசாரி."

"அப்ப உங்க பக்கம் போய்க் கட்டிக்கச் சொல்லுங்க. எங்க ராமநாதபுரத்துப் பக்கம் காலே வைக்கக் கூடாது."

வேலாயுதம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். வேலை என்ற சொல் இரண்டு பேருக்கும் நாக்கு நுனி வரை வந்தது. அம்மா போட்ட கட்டளை ஞாபகம் வந்தது. கண் பட்டுவிடுமே! விழுங்கிக்கொண்டு திரும்பி வந்தோம்.

வரும் வழியில் அவன் சொன்னான்: "நீ ஆடு."

டாபோன் சேறு

ஆட்டத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நாங்கள் தோற்றோம். நன்றாகவே தோற்றோம். ஆனால் எனக்கு அன்றைக்கு என்ன புகுந்ததோ தெரியவில்லை. துணி அடைத்த பூட்ஸ் சேற்றில் இழுக்க, வேகமாக ஓடவே முடியவில்லை. ஓட முடியாததால் நடுவில் நின்றேன். நின்றதால் பந்து என்னிடம் வந்தது. வேலாயுதம் சொன்னபடியே நடந்தது. வந்ததையெல்லாம் தலையாலும் காலாலும் திருப்பி அனுப்பினேன். கோட்டுக்கு வெளியே கூட்டம் கத்தியது. கோ தா துன் பின்னாலிருந்து பர்மியில் என்னைக் கண்டபடி புகழ்ந்தான்.

ஆட்டம் முடிந்ததும் டாசன் துரை என்னிடம் வந்தார். சிவந்த முகம், வாயில் சுருட்டு. எந்த வகுப்பு, டைப்பிங் தெரியுமா என்று கேட்டார். "திங்கட்கிழமை ஆபீஸுக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஊ லூன் என் கையைக் குலுக்கினார். சந்தோஷமும் பட்டார், சந்தோஷப்படவும் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கும் அப்படித்தான். பொய் சொல்வானேன், முதலில் சந்தோஷம்தான் வந்தது. எங்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. வேலாயுதத்தின் முகம் அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

திரும்பி வந்த சம்பான்

மாலையில் அதே சம்பானில் திரும்பினோம். பக்கத்து அரிசி ஆலை விட்டு வந்த ஆட்களும் எங்களோடு ஏறினார்கள். மேலெல்லாம் தவிடு. எல்லோரும் நம் ஆட்கள்தான். எனக்கு எதிரே உட்கார்ந்தவர் பீடி பற்ற வைக்கக் கையைக் குவித்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கையிலும் கயிறு. அதற்கடுத்தவர் கையிலும்.

நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். "அண்ணே, நீங்க எந்தக் கோயில்ல கட்டிக்கிட்டீங்க?"

"நம்ம சடையப்பப் பூசாரிகிட்டத்தான் தம்பி. ஏன்?"

"அப்புறம் எப்படி ஓடையைத் தாண்டி வர்றீங்க?"

அவர் சிரித்தார். "தாண்டாம? ஆலை இங்கேதானே இருக்கு! பிழைப்புக்குத் தாண்டினா தாண்டினதா ஆகாது தம்பி. ஆத்தா வயித்துல அடிப்பாளா? ஆலை ஆளுங்களுக்குப் பூசாரியே அப்படிச் சொல்லித்தான் கட்டிவிட்டாரு. வேடிக்கைக்கும் விருந்துக்கும் விளையாட்டுக்கும்தான் போகக் கூடாது."

படித்துறையில் வேலாயுதம் காத்திருந்தான். நாங்கள் போனதிலிருந்து அவன் அங்கேயேதான் இருந்திருக்கிறான் போல. ஆலைக்காரர்கள் ஒவ்வொருவராக அவனைக் கடந்து படியேறினார்கள். அவன் அவர்கள் கைகளைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"யாரை எடுத்தாங்க?" என்று கேட்டான்.

"என்னை."

"நல்லதாப் போச்சு. கம்பெனி மாட்டுச்சு உன்கிட்ட" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். வலித்தது.

அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போனோம். பூசாரியிடம் நான்தான் கத்தினேன். அது வெறும் பந்தாட்டம் இல்லை, வேலைக்கான ஆட்டம், அவன் குடும்பமே அதை நம்பியிருந்தது என்று கொட்டினேன். பூசாரி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வேலைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா? நானே விபூதி பூசி அனுப்பியிருப்பேனே! விளையாட்டுன்னுதானே கேட்டீங்க? பாவி, என் வாயாலேயே தடுத்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வேலாயுதம்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். திருவிழாவில் தீச்சட்டியும் எடுத்தான். அம்மா கூடவே அழுதுகொண்டு வந்தார்.

ஒரு தடவைதான்

ஊ லூன் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் குடையை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். "இன்னொரு ஆட்டம் கொடுங்கள், எங்கள் சிறந்த ஆட்டக்காரனை நீங்கள் பார்க்கவே இல்லை" என்று கெஞ்சினார். சின்ன அணியோடு ஒரு தடவை ஆடுவதே பெரிய விஷயம், இத்தனை கோல் வாங்கியவர்களோடு இன்னொரு தடவை எதற்கு என்று அனுப்பிவிட்டார்கள். நானும் டாசன் துரையிடம் சொல்லிப் பார்த்தேன். "மைதானத்துக்கு வந்தவனைத்தான் நான் எடுக்க முடியும்" என்றார். அதற்கு மேல் அழுத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கிருந்தது ஒரே ஒரு நாற்காலி.

லயன் வீட்டைக் காலி செய்தார்கள். ஓடைக்கரையில் ஒரு மூங்கில் தட்டி வீட்டுக்குப் போனார்கள். வேலாயுதம் படிப்பை விட்டான். டாபோனில் அதே அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. தினமும் சம்பானில் ஓடையைத் தாண்டினான். ஆடியில் காப்புக் கட்டிக்கொண்டும் தாண்டினான். இப்போது அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் பிழைப்புக்குத்தானே.

ஆலைக்குப் பக்கத்திலேயே எங்கள் கம்பெனி மைதானம். சனிக்கிழமைகளில் கோட்டோரம் வந்து நிற்பான். நான் பந்தைத் தவறவிட்டால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி திட்டுவான். ஆட்டம் முடிந்ததும் இருவரும் டீ குடிப்போம். அந்த நாளைப் பற்றி அவனும் பேசமாட்டான், நானும் பேசமாட்டேன்.

சில வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை. எங்களுக்குள்ளேயே இரண்டு பக்கமாகப் பிரிந்து பயிற்சி ஆட்டம். ஒருவனுக்குக் காய்ச்சல், எதிர்ப்பக்கம் ஒரு ஆள் குறைந்தது. நான் டாசன் துரையிடம் கேட்டுக்கொண்டு வேலாயுதத்தைக் கூப்பிட்டேன். மாட்டேன் என்றான். கையைப் பிடித்து இழுத்தேன். தவிடு படிந்த சட்டையைக் கழற்றிக் கோட்டோரம் வைத்துவிட்டு வந்தான்.

ஐயோ, அந்த ஆட்டம்! முதல் டிவிஷன் ஆட்டக்காரர்கள் நாங்கள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பந்து விழுகிற இடத்திலெல்லாம் அவன் ஏற்கெனவே நின்றிருந்தான். என்னை மட்டும் எத்தனை தடவை ஏமாற்றினான் என்று கணக்கில்லை. எங்கள் ஆட்களே கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாருங்கள், பாருங்கள், இவனைத்தான் சொன்னேன் என்று டாசன் துரையிடம் கத்த வேண்டும் போலிருந்தது.

முடிந்ததும் துரை சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். என் தோளில் கை போட்டு இங்கிலீஷில் சொன்னார்: "இவன் மட்டும் அன்றைக்கு உங்கள் கல்லூரியோடு வந்திருந்தால், உன்னை நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன், தெரியுமா?" சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு அது தமாஷ்.

வேலாயுதத்துக்கு இங்கிலீஷ் என்னைவிட நன்றாகத் தெரியும். சட்டையை உதறி மாட்டிக்கொண்டிருந்தான். பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, தமிழில், மெதுவாகச் சொன்னான்:

"சிரிடா ராசு. துரை சிரிக்கிறாரு, நீ மரமாட்டம் நிக்கிறே. வேலைக்கு வினை வச்சுக்காதே. சிரி."

நான் சிரித்தேன்.